நாலு தரம் கட் பண்ணிய போன்

போன விண்டரில், மாசி மாதக் கடைசியில், மொன்ட்ரியாலில் நடந்தது இது. இங்கே ஒரு பெரிய கட்சி தனக்குத் தலைவர் தேடிக்கொண்டிருந்த நேரம். எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப்பேர் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள், மற்றப் பாதிப்பேர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள்.

நான் டவுன்டவுனில், மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், உடுப்புத் திருத்துகிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். காற்சட்டைக்குக் கரை மடித்துத் தைப்பது, ஜக்கெற்றுக்கு சிப் மாற்றுவது, இப்படியான வேலைகள். பெரிய படிப்பு எனக்கில்லை. கடைக்கு வருகிற சனம் சொல்லுகிற கதைகள்தான் என் படிப்பு. நல்ல கதை ஒன்று காதில் விழுந்தால் அன்று முழுக்க அதையே நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த வாய்தான் பிறகு வினையாகப் போனது.

முதலில் இந்தத் தலைவர் தெரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் நாட்டில் கட்சித் தலைவரை நாலு பேர் அறைக்குள் இருந்து பேசி முடித்துவிடுவார்கள். இங்கே கட்சியில் பெயர் பதிந்த எல்லோருக்கும் ஒரு வாக்கு இருக்கிறது. குடியுரிமை கிடைக்காதவர்கள் கூட, நிரந்தர வதிவிடம் இருந்தால் போடலாம். அதற்கு மேலே இன்னொன்று. ஆயிரக்கணக்கில் கட்சிக்காரர் இருக்கிற தொகுதிக்கும், எங்கள் மொன்ட்ரியால்-நோர் மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடிய தொகுதிக்கும் ஒரேயளவு புள்ளிதான். அதனால் எங்கள் ஒரு வாக்கு மற்ற இடத்துப் பத்து வாக்குக்குச் சமம் என்றார்கள். ஒருநாளும் எங்களை எட்டிப் பாராதவர்கள் எல்லாம் திடீரென்று வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டு எங்கள் கோயில் மண்டபத்துக்கு வந்ததன் காரணம் அதுதான்.

கோயில் என்றால் நாங்கள் தமிழ்ப் பூசைக்குப் போகிற மாதா கோயில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நிலக்கீழ் மண்டபத்தில் சனத்துக்குத் தேத்தண்ணியும், உள்ளே கறி வைத்து மடித்துப் பொரித்த பற்றிசும் கொடுப்பது எங்கள் குசினிக் கூட்டத்தின் பொறுப்பு. குசினிக்குத் தலைமை பெரியக்கா. எழுபது வயது. யாரையும் நம்பமாட்டார். மாவில் உப்புப் போட்டுவிட்டேன் என்று நான் சொன்னாலும் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. பிறகு நான். பிறகு தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை. என்னுடைய அப்பார்ட்மெண்ட் கட்டடத்திலேயே மேல்மாடியில் இருக்கிற மன்னார்ப் பிள்ளை, கார்டெறியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. கட்டிய மனுசன் ஊரில். அவரைக் கூப்பிடுவதற்குப் போட்ட விண்ணப்பம் மூன்று வருடமாக எங்கேயோ ஒரு மேசையில் கிடந்தது.

இன்னும் ஒருவர் இருக்கிறார், அண்ணை. வான் வைத்திருப்பவர். மண்டபத்துக்குச் சாமான் ஏற்றி இறக்குவது, ஆருக்கும் படிவம் நிரப்ப வேண்டுமென்றால் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். எங்கள் எல்லோரையும் கட்சியில் பதிந்துவிட்டவரும் அவர்தான்.

போட்டியிட்டவர்கள் மூன்று பேர். பெயர் வாயில் நுழையாததால் குசினியில் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒருவர் ரொறன்ரோக்காரர். ஒருவர் கண்ணாடிக்காரர். மூன்றாவது ஒரு பெண். அவவுக்கு மட்டும் வேறு பெயர் பொருந்தவில்லை, "அந்த மனிசி" என்றே நின்றுவிட்டது.

ரொறன்ரோக்காரர் நேரிலேயே வந்தார். அண்ணை அவருடைய ஆள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. மாலை என்ன, படம் எடுப்பது என்ன! வந்தவர் பற்றிசைக் கடித்துவிட்டு உறைப்பில் கண் கலங்கியபடி சிரித்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை, காற்சட்டைக் கரையைப் பார்த்தேன். அது என் தொழில் பழக்கம். நல்ல விலையான துணி. ஆனால் கரை தைக்கப்படவில்லை. உள்ளே மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது.

"அக்கா, உவர் காற்சட்டைக்கே பின் அடிச்சுக்கொண்டு திரியிறார். நாட்டுக்கு என்ன செய்வார்?" என்று குசினிக்குள் வந்து சொன்னேன்.

பெரியக்கா திரும்பியும் பாராமல், "நான் பல்லைப் பாத்தனான். ஒண்டும் அவற்றை சொந்தப் பல்லில்லை," என்றார்.

கண்ணாடிக்காரர் வரவில்லை. அவருடைய ஆட்கள் இரண்டு பேர் ஒரு ஐபாட் கொண்டுவந்து அவர் பேசுகிற வீடியோவைக் காட்டினார்கள். தமிழில் எழுத்து ஓடியது. யாரோ கொம்பியூட்டரைக் கொண்டு மாற்றியிருக்க வேண்டும், "உங்கள் குடும்பங்கள் எங்கள் முதுகெலும்பு சமையல்" என்று ஒரு வரி வந்தது. பெரியக்கா அதற்குப் பிறகு மூன்று வாரம் எங்களை முதுகெலும்பு என்றுதான் கூப்பிட்டார்.

அந்த மனிசி வந்தது ஒரு பனி கொட்டிய ஞாயிறு. கூட ஒரே ஒரு ஆள். மண்டபத்தில் இருந்ததும் இருபது பேர்தான். நாங்களும் பெரிதாக எடுக்கவில்லை.

ஆனால் தங்கச்சி மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். எழுதி வைத்துப் பாடமாக்கிய இங்கிலீசில். "என் கணவருடைய விண்ணப்பம் மூன்று வருடமாக நிற்கிறது. நீங்கள் வந்தால் எப்போது முடியும்?"

ரொறன்ரோக்காரர் அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் என்றார். கண்ணாடிக்காரருடைய ஆட்கள், அதுதான் எங்கள் முதல் வேலை, உடனே நடக்கும் என்றார்கள். அந்த மனிசி தேத்தண்ணிக் கப்பைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாது. திகதி சொன்னால் அது பொய். ஏன் தாமதம் என்று உங்களுக்கு எழுத்தில் பதில் தர வைக்கலாம். அதற்கு மேலே என்னால் இப்போது ஒன்றும் சொல்ல முடியாது," என்றார்.

குசினிக்குள் வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "வாக்குக் கேக்க வந்த இடத்தில தெரியாது எண்டு சொல்லுறதோ? உது ஒரு புது நடிப்பு. நேர்மையான ஆள் எண்டு நாங்கள் நினைக்கோணும் எண்டு ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம்."

தங்கச்சி பற்றிஸ் ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அமத்திக்கொண்டிருந்தாள். "மூண்டு வருசமா எனக்கு எல்லாரும் வரும் வரும் எண்டுதான் சொன்னவை அக்கா. ஒராள் கூடத் தெரியாது எண்டு சொல்லேல்லை. எனக்கு அழுகை வந்திட்டுது, ஆனா நெஞ்சு ஆறிட்டுது. நான் அவவுக்குத்தான் போடப்போறன்."

அவள் அப்படி யோசித்து யோசித்துப் போடுவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவளுக்கு வாக்குப் போடுகிற வயது வந்தபோது முகாமில் இருந்தாள். பிறகு பட்டியலில் பெயர் வரவில்லை. பிறகு இங்கே வந்துவிட்டாள். இங்கே இன்னும் குடியுரிமை இல்லை. முப்பத்தைந்து வயதில் இதுதான் அவளுடைய முதல் வாக்கு.

என் கதை வேறு. எனக்கு முதல் வாக்கு வந்தபோது விடிய எழும்பி, முழுகி, வரிசையில் போய் நின்றேன். மேசையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உங்கட வோட்டைப் போட்டாச்சே," என்றார். ஆரோ என் பெயரில் வந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கு உள்ளுக்குள் ஏறிய சந்தேகம் இன்னும் இறங்கவில்லை. பாங்கில் இருந்து வருகிற கடிதத்தையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்த பிறகுதான் பிரிப்பேன்.

வாக்குச் சீட்டுகள் தபாலில் வந்தன. ஒரு சீட்டு. அதில் மூன்று பெயர், விருப்பப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட வேண்டும். அதை வைக்க ஒரு சின்ன உறை. கையெழுத்துப் போட ஒரு படிவம். அதோடு அடையாள அட்டையின் கொப்பி ஒன்றும் சேர்த்து, எல்லாவற்றையும் பெரிய உறையில் போட்டு அனுப்ப வேண்டும்.

அடுத்த ஞாயிறு அண்ணை ஒரு துணிப் பையோடு குசினிக்கு வந்தார்.

"சகோதரங்கள், கஷ்டப்படாதேங்கோ. கையெழுத்தை மட்டும் வைச்சு எல்லாத்தையும் என்னட்டத் தாங்கோ. நான் பிழையில்லாமல் நிரப்பித் தபாலில போட்டுவிடுறன்."

"ஆருக்கு நிரப்புவாய்?" என்று பெரியக்கா கேட்டார்.

"நீங்கள் சொல்லுறவருக்குத்தான் அக்கா."

"நான் ஒண்டும் சொல்லாட்டி?"

அண்ணை சிரித்தார். பெரியக்கா சிரிக்கவில்லை. "எனக்கு இன்னும் சொந்தக் கை இருக்கு. போ, அங்கால போய் முதுகெலும்புகளிட்டக் கேள்," என்றார்.

மண்டபத்தில் சிலர் கொடுத்தார்கள். நானும் தங்கச்சியும் கொடுக்கவில்லை. எங்களை அவர் வற்புறுத்தவில்லை. படியில் ஏறும்போது மட்டும் பக்கத்தில் வந்து, மெதுவான குரலில் சொன்னார். "தராட்டி பரவாயில்லை. ஆனா லைசென்ஸ் கொப்பியை மட்டும் உள்ளுக்கு வையாதேங்கோ. இப்ப உதுகளை எடுத்து வேற ஆக்கள் எங்கட பேரில போன் லைன் எடுக்கிறாங்கள், வீடு எடுக்கிறாங்கள். கொப்பி இல்லாட்டியும் கட்சியில வோட்டை எடுப்பினம். எனக்குத் தெரியும்."

அவர் சொன்னது ஒரு தரம்தான். நான் தங்கச்சிக்குச் சொன்னது பத்துத் தரம். அதற்கு முந்தின கிழமைதான் கடைக்கு வந்த ஒரு ஹெயிட்டி மனிசி, தன்னுடைய அட்டைக் கொப்பியை வைத்து யாரோ செய்த மோசடியைச் சொல்லி என் மேசையில் கைவைத்து அழுதுவிட்டுப் போயிருந்தார். அந்தக் கதையை நான் எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

தங்கச்சி என் வீட்டு மேசையில் இருந்துதான் சீட்டை நிரப்பினாள். சோதனை எழுதுகிற பிள்ளை மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டாள்.

"எனக்கென்னடி ஒளிக்கிறாய்? எனக்குத்தான் தெரியுமே."

"தெரிஞ்சாலும் பாக்கக்கூடாது அக்கா. ரகசியம்."

ஒரேயொரு இலக்கம் போட்டாள். இரண்டும் மூன்றும் போடலாம் என்று சொன்னேன். "மற்ற ரெண்டு பேரும் என்ர கையைப் பிடிச்சுப் பொய் சொன்னவை," என்றாள். ஐபாட் எப்படிக் கையைப் பிடிக்கும் என்று கேட்டேன். முறைத்தாள்.

பிறகு உறையில் வைப்பதற்காக ஒரு தாளை எடுத்தாள். நூலகத்தில் போய் எடுத்து வந்த அவளுடைய அடையாள அட்டைக் கொப்பி, அழகாக நாலாக மடித்தது. நான் அதை அவள் கையிலிருந்து வாங்கினேன். தையல் கத்தரிக்கோலை எடுத்தேன். அவளுடைய படத்தையும் பெயரையும் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். "இப்பதான் எனக்கு நிம்மதி," என்று சொன்னதும் நினைவிருக்கிறது. அவள் பெரிய உறையை ஒட்டினாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற முகம்.

என்னுடையதும் அப்படியே போனது. யாருக்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள். அதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு கிழமை கழித்து, கடையில் மெஷினில் இருக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். "பொன்ஜூர் மதாம்" என்று ஒரு கிழவருடைய குரல். இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர். கட்சியின் பெயரைச் சொன்னார், என் உறை என்றார், அடையாள அட்டை என்றார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் கட் பண்ணினேன்.

அடுத்த நாளும் எடுத்தார். பிறகும் எடுத்தார். நாலாவது தரம் நான் கட் பண்ணுமுன் தமிழில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு "மெர்சி, மதாம்" என்றார். நம்பரை பிளாக் பண்ணினேன்.

தங்கச்சி வேலை இடத்திலிருந்து எடுத்தாள். "அக்கா, ஒரு கிழவன் எடுத்து அட்டை கேக்கிறார். என்ர முழுப் பேரையும் பிழையில்லாமல் சொல்லுறார்."

"அதுதான் கள்ளன். உண்மையான கந்தோர், பாங்க் ஆக்கள் எப்பவாவது எங்கட பேரைச் சரியாச் சொல்லியிருக்கினமோ?"

"ஓம் என்ன," என்றாள் அவள். மூன்று தரம் எடுத்தாராம். மூன்று தரமும் வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு குசினியில் பெரியக்காவுடைய போன் சத்தம் போட்டது. கை முழுக்க மா. என்னை வாசிக்கச் சொன்னார். கட்சியிலிருந்து வந்த செய்தி. உங்கள் வாக்கு கிடைத்தது, அடையாளம் சரிபார்க்கப்பட்டது, நன்றி என்று இருந்தது.

"அக்கா, நீங்கள் கொப்பி வைச்சனீங்களோ?"

"வைக்கச் சொல்லி அதில எழுதியிருந்தது. வைச்சன்."

"நான் வைக்கவேண்டாம் எண்டு சொன்னனானே!"

"நீ சொல்லுறதைச் செய்யிற பழக்கம் எனக்கு எப்ப இருந்தது?" என்றார்.

தேத்தண்ணி ஊற்றும்போது ஒவ்வொருவராகக் கேட்டேன். அண்ணையிடம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் செய்தி வந்திருந்தது. எல்லோருடைய உறையிலும் அவர் கொப்பி எடுத்து வைத்திருந்தார். செய்தி வராதது இரண்டே பேருக்கு. எனக்கும் தங்கச்சிக்கும்.

தேத்தண்ணிக் கேத்திலை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனேன். அண்ணை வானில் கதிரை ஏற்றிக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன்.

"நானோ? நான் அப்பிடிச் சொன்னனோ? கவனமா இருக்கச் சொல்லியிருப்பன். நீங்கள் வேற மாதிரி விளங்கியிருப்பீங்கள்," என்றார். இன்னொரு கதிரையை எடுத்தார். "செவ்வாய்க்கிழமை அஞ்சு மணியோட எல்லாம் முடியுது என்ன," என்றும் சொன்னார்.

அவர் வேண்டுமென்றுதான் செய்தாரா, அல்லது ஆட்களுக்குத் தகுந்த மாதிரி எதையோ சொல்லிவிட்டு மறந்துபோனாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் இப்போதும் ஞாயிறு தவறாமல் சாமான் ஏற்றி இறக்குகிறார். நான் இப்போதும் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கிறேன். ஆனால் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கொடுக்கிறேன்.

அண்ணையைத் திட்டுவது சுலபம். தங்கச்சியிடம் போய்ச் சொல்லுவதுதான் பாடாக இருந்தது. கத்தரிக்கோல் பிடித்த கை அண்ணையுடையது இல்லையே.

அவளுடைய கதவைத் தட்டினேன். உள்ளே ஊரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். "நான் வோட்டுப் போட்டாச்சு தெரியுமே," என்று மனுசனுக்குச் சொல்லுகிற சத்தம் கேட்டது. எனக்குத் திரும்பிப் போய்விடலாமோ என்றிருந்தது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் அவளுக்கு ஒருநாளும் தெரியவராது. எண்ணுகிற இடத்தில் சின்ன உறையைப் பிரிக்காமல் ஒரு பக்கம் தூக்கிப் போடுவார்கள், அவள் போட்டுவிட்டேன் என்ற சந்தோசத்தோடு இருப்பாள். இதையும் யோசித்தேன், பொய் சொல்லக்கூடாது.

என் பெயரில் ஆரோ வந்து போட்டுவிட்டுப் போன அந்த நாள்தான் என்னை நிறுத்தியது. அன்றைக்கு ஆரென்று தெரியாமல் எத்தனை சாபம் போட்டேன். இப்போது அந்த ஆள் நான்.

சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அப்ப என்ர வோட்டு இப்ப எங்க அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

பிளாக் பண்ணிய நம்பரைத் திறந்து நானே எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே கிழவர் எடுத்துவிட்டார். என் குரல் கேட்டதும், "ஆ, மதாம்!" என்று காணாமல் போன சொந்தக்காரி கிடைத்த மாதிரி ஒரு சத்தம். அட்டையோடு நேரில் வந்தால் சரிசெய்யலாம், நாளைக்கு வாருங்கள் என்று விலாசம் தந்தார்.

திங்கள் மத்தியானத்தோடு கடையைப் பூட்டினேன். தங்கச்சி அரை நாள் லீவு கேட்டு வந்தாள். இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினால், அது ஒரு டயர்க் கடை. பக்கத்தில் இருட்டுப் படி ஒன்று மேலே போனது. பெயர்ப் பலகை கிடையாது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

"தங்கச்சி, அட்டையைக் கையில இறுக்கிப் பிடி. நான் சொல்லும்வரைக்கும் ஒருத்தருக்கும் குடாதை," என்றேன்.

மேலே ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர், ஒரு ஸ்கான் மெஷின். எண்பது வயதிருக்கும் அவருக்கு. எழும்பி நின்று கைகொடுத்தார். அவருடைய ஸ்வெற்றரில் ஒரு பட்ஜ் குத்தியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ரொறன்ரோக்காரருடைய படம்! சுவரிலும் அவர்தான், பெரிதாகச் சிரித்துக்கொண்டு.

தங்கச்சியின் சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன். "வாடி போவம். உவரும் அவங்கட ஆள். எங்கடதை எடுத்துக் கிழிச்சுப் போடுவார்."

"அக்கா, என்ர உறை இவரிட்ட இல்லை. எண்ணுற இடத்தில இருக்கு," என்றாள் அவள். "நீங்கள் இருங்கோ. இது என்ர வோட்டு." அவள் எனக்கு எதிர்ப்பேச்சுப் பேசியது அதுதான் முதல்தரம்.

கிழவருக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் என் முகம் விளங்கியிருக்க வேண்டும். ஒரு தகர டின்னைத் திறந்து பிஸ்கட் நீட்டினார். நான் எடுக்கவில்லை. மேசையில் இருந்த பட்டியலைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். கொப்பி இல்லாமல் வந்த உறைகளின் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் கோடுகள். எத்தனை தரம் போன் எடுத்தார் என்ற கணக்கு. தங்கச்சியின் பெயருக்கு நேரே மூன்று கோடு. என் பெயருக்கு நேரே நாலு. நாலாவது கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆச்சரியக்குறி போட்டிருந்தார்.

அதைப் பார்த்துத் தங்கச்சி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். என்னுடைய அக்காவும் நான் எடுத்தால் இப்படித்தான் வைத்துவிடுவா என்றார். எங்கள் பெயர்களை எப்படிச் சரியாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கீழே டயர்க் கடையில் ஒரு தமிழ்ப் பையன் வேலை செய்கிறானாம், அவனிடம் கேட்டு எழுத்துக்கூட்டிப் பழகினாராம்.

அட்டையை ஸ்கான் பண்ணினார். கொம்பியூட்டரில் படம் வந்தது. நான் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு தன்னுடைய சில்லுக் கதிரையைக் காலால் உதைத்துப் பின்னுக்குப் போய்விட்டார். மௌஸை எடுத்துத் தங்கச்சியின் பக்கம் நகர்த்தினார். அனுப்புவதை நீங்களே அழுத்துங்கள் என்று கையால் காட்டினார்.

அவள் அழுத்தினாள். பிறகு எனக்கும் கதிரையை விட்டுத் தந்தார்.

வெளிக்கிடும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சுவரில் இருந்த படத்தைக் காட்டி, கடைப் பிரெஞ்சில் கேட்டேன். நீங்கள் அவருடைய ஆள். நாங்கள் யாருக்குப் போட்டோம் என்று உங்களுக்குத் தெரியாது. பிறகு ஏன் இத்தனை தரம் எடுத்தீர்கள்?

அவருக்குக் கேள்வியே பிடிபடவில்லை போல. காலையில் அவருக்காகப் போன் எடுக்கிறேன், மத்தியானத்துக்குப் பிறகு இந்தப் பட்டியலுக்காக எடுக்கிறேன் என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த பெயரில் விரலை வைத்து நம்பரை அழுத்தத் தொடங்கிவிட்டார். அந்தப் பக்கத்திலும் ஆரோ கட் பண்ணியிருக்க வேண்டும். பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டார்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது தங்கச்சியின் போனில் செய்தி வந்தது. கிடைத்தது, சரிபார்க்கப்பட்டது, நன்றி. கையுறையைக் கழற்றி அந்தக் குளிரில் மூன்று தரம் வாசித்தாள். எனக்கும் வந்தது. அது எந்த நம்பரிலிருந்து வந்தது என்று பார்த்த பிறகுதான் நான் வாசித்தேன்.

முடிவு வந்த ஞாயிறு மண்டபத்தில் எல்லோருடைய கையிலும் போன். அந்த மனிசி தோற்றுவிட்டார். கொஞ்சநஞ்சத் தோல்வி இல்லை. கண்ணாடிக்காரர் வென்றார். அண்ணையின் முகம் சுருங்கிப் போயிருந்தது. "இனி எல்லாரும் முதுகெலும்புதான்," என்று பெரியக்கா அறிவித்தார்.

தங்கச்சி மட்டும் ஒரு மூலையில் நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தாள். தொகுதி தொகுதியாகப் போட்டிருந்த பட்டியலில் எங்கள் தொகுதியைக் கண்டுபிடித்தாள். அந்த மனிசிக்கு விழுந்ததைக் கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவள் அந்த இலக்கத்தின் மேலே மாவு ஒட்டிய விரலை வைத்து, என்னிடம் காட்டினாள்.

"இதுக்குள்ள ஒண்டு என்ர, அக்கா."

தோற்ற ஆளுக்குப் போட்டவள் அப்படி ஒரு சிரிப்புச் சிரிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுடைய மனுசன் இன்னும் வரவில்லை. விண்ணப்பம் இன்னும் அந்த மேசையில்தான் கிடக்கிறது.

அடுத்த கிழமை ஒரு பெட்டி பற்றிஸ் எடுத்துக்கொண்டு தனியாக அந்த டயர்க் கடைப் படியேறினேன். சுவர்ப் படங்களைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார் கிழவர். பெட்டியைக் கையில் வாங்கி, மூடியைக் கொஞ்சமாகத் திறந்து முகர்ந்து பார்த்தார். உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று கேட்டார். மீன் என்றேன். என்ன மீன் என்றார். உறைக்குமா என்றார். நுனியில் கொஞ்சமாகக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். என்னைவிடச் சந்தேகப் பிராணி! நான் அவருடைய தகர டின்னை நானே திறந்து, அன்றைக்கு எடுக்காமல் விட்ட பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டேன்.

நான் சந்தேகப்படுவதை விட்டுவிடவில்லை, தெரியாத நம்பர் வந்தால் இப்போதும் கட் பண்ணத்தான் கை போகிறது. ஆனால் என் பயத்தை இன்னொருவருக்கு அறிவுரையாகச் சொல்ல வாய் திறக்கும் ஒவ்வொரு தடவையும், நாலாக மடித்த அந்தக் கொப்பி என் கத்தரிக்கோலில் துண்டாகிய சத்தம் காதில் கேட்கிறது, அந்தச் சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொள்கிறேன்.